தீர்மானத்தின் மொழியும் மசோதாவின் மொழியும்

(காரைக்குடியில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் திருத்திய எழுத்து வடிவம்)



தேசப் பாதுகாப்புச் சட்டங்கள் பற்றி நம் மன்றங்களில் நடந்த விவாதங்களில் நாட்டுப்பற்று எப்படிப் பேசப்பட்டது என்பதே இன்றைய பொருள். காரைக்குடியில் எதைப் பேச வந்தாலும் கம்பனிலிருந்து தொடங்குவது ஊருக்குச் செய்யும் மரியாதை. 1939-இல் இங்கே கம்பன் கழகத்தைத் தொடங்கிய சா. கணேசன் விடுதலைப் போராட்ட வீரர். 1962 தேர்தலில் சுதந்திராக் கட்சியின் சார்பில் இதே தொகுதியிலிருந்து சட்டமன்றத்துக்கும் சென்றவர். ஆகவே கம்பனையும் சட்டமன்றத்தையும் ஒரே மேடையில் பேச இந்த ஊரைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியவில்லை.

யுத்த காண்டத்தில் மந்திரப் படலத்தை நினைவுக்குக் கொண்டுவாருங்கள். அனுமன் எரித்துவிட்டுப் போன இலங்கை புதுப்பிக்கப்பட்டுவிட்டது. இராவணன் அவையைக் கூட்டுகிறான். படைத்தலைவர்கள் ஒருவர்பின் ஒருவராக எழுகிறார்கள். ஒவ்வொருவரும் தன் வீரத்தைச் சொல்கிறார். என்னை அனுப்புங்கள், முடித்துவிட்டு வருகிறேன் என்கிறார். கேட்பதற்கு உரமான பேச்சு. ஆனால் எதனால் இந்தப் பகை வந்தது, அதை எப்படித் தீர்ப்பது என்று அவர்களில் ஒருவரும் கேட்கவில்லை. அதைக் கேட்டவர்கள் தம்பிகள் இருவர். கும்பகருணன் அண்ணன் செய்தது தவறு என்று அவையிலேயே சொல்கிறான். சொல்லிவிட்டு, இனிப் போர்தான் வழி என்கிறான். வீடணன், சீதையை விட்டுவிடு என்கிறான்.

இராவணன் வீடணனுக்குச் சொன்ன பதில்தான் நம் கவனத்துக்குரியது. சீதையை விடுவதா வேண்டாமா என்ற கேள்விக்கு அந்தப் பதிலில் இடமில்லை. நீ பகைவன்மீது அன்பு வைத்திருக்கிறாய். அன்று தூதனைக் கொல்லாதே என்று தடுத்தாய், அதற்குக் காரணம் இப்போது விளங்குகிறது. என் அரசின்மீது உனக்குக் கண் என்று தம்பியின் பழைய செயலைத் தோண்டி எடுத்துக் குற்றம் சாட்டுகிறான். பேசப்பட்ட கருத்து அங்கேயே நிற்க, பேசியவனின் பற்று விசாரணைக்கு வருகிறது. வீடணன் வெளியேறுகிறான். கும்பகருணன் அங்கேயே இருந்து, அதே அண்ணனுக்காகப் போர்க்களத்தில் உயிர் விடுகிறான். மறுத்துப் பேசியவன்தான் களத்தில் மாண்டவனும். அந்த அவைக்கு இது கடைசிவரை புரியவில்லை.

நாட்டுப்பற்றை யாருக்கும் நிரூபித்துக் காட்ட வேண்டிய நிலையில் இந்தச் சிவகங்கைச் சீமை இல்லை. 1801 ஜூன் 16-இல் சின்ன மருதுவின் பிரகடனம் திருச்சியில் ஒட்டப்பட்டது. அதே ஆண்டு அக்டோபர் 24-இல் மருதிருவர் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டார்கள். 1942 ஆகஸ்டில் தேவகோட்டை சின்ன அண்ணாமலையைத் திருவாடானைச் சிறையை உடைத்து மக்கள் மீட்டார்கள். அந்த நாட்களில் காங்கிரசார் ஆயிரக்கணக்கில் சிறைவைக்கப்பட்டது எந்த விதிகளின் கீழ்? இந்தியப் பாதுகாப்பு விதிகள் என்பது அவற்றின் பெயர். இந்தியாவை நேசித்தவர்களை அடைக்க இந்தியாவின் பாதுகாப்பு என்ற சொல்லே பயன்பட்டதை நம் பாட்டன்மார் கண்ணால் கண்டார்கள். அந்த நினைவோடு என் கருத்தை முன்வைக்கிறேன்.

மன்றங்களில் இரண்டு மொழிகள் உண்டு. ஒன்று தீர்மானத்தின் மொழி; மற்றது மசோதாவின் மொழி. தீர்மானம் அவையின் உணர்வைச் சொல்கிறது. அங்கே நாட்டுப்பற்று முழங்கலாம், முழங்கவும் வேண்டும். மசோதாவில் பிரிவுகளும் உட்பிரிவுகளும் இருக்கின்றன. நாளை ஒரு காவல் அதிகாரியும் நீதிபதியும் அதைக் கையில் எடுக்கப்போகிறார்கள். அங்கே வேண்டியது வாசகத்தைப் படிக்கும் பொறுமை. மசோதாவைத் தீர்மானத்தின் மொழியில் விவாதிப்பதே நம் பாதுகாப்பு விவாதங்களின் பெருங்குறை என்பது என் துணிபு. இதை ஆறு குறிப்புகளாக விளக்குகிறேன்.

1. முழக்கத்துக்கு உரிய இடம்

1962 அக்டோபர் 20-இல் சீனப் படை எல்லையைக் கடந்து தாக்கியது. நவம்பர் 8-இல் நாடாளுமன்றம் கூடியது. மக்களவையில் ஆக்கிரமிப்பை எதிர்க்கும் தீர்மானத்தின்மீது 165 உறுப்பினர்கள் பேசினார்கள். நவம்பர் 14-இல் உறுப்பினர்கள் எல்லாரும் எழுந்து நின்று அதை நிறைவேற்றினார்கள்.

165 பேரும் ஏறக்குறைய ஒன்றையே சொன்னார்கள். அதனால் என்ன? அன்று நாட்டுக்கு அதுதான் தேவைப்பட்டது. பனிமலையில் போதிய உடையும் துப்பாக்கியும் இல்லாமல் நின்ற சிப்பாய்க்கு, தன் பின்னால் நாடே நிற்கிறது என்ற செய்தி போக வேண்டியிருந்தது. அதே விவாதத்தில் ஆயத்தமின்மைபற்றிக் கடுமையான கேள்விகளும் எழுந்தன. பாதுகாப்பு அமைச்சர் கிருஷ்ண மேனன் பதவி விலக நேர்ந்தது அந்த நாட்களில்தான். முழக்கமும் கேள்வியும் ஒரே அவையில் இடம்பெற்றன.

தமிழகத்தில் நடந்தது இன்னும் பெரிது. அண்ணா அப்போது மாநிலங்களவை உறுப்பினர். அந்த ஆண்டு மே 1-ஆம் நாள் தம் முதல் உரையில் திராவிட நாட்டுக் கோரிக்கையை அவையிலேயே எடுத்துரைத்தவர். விலைவாசி உயர்வை எதிர்த்த போராட்டத்தில் வேலூர்ச் சிறைக்குப் போய் வெளியே வந்தபோது நாடு போரில் இருந்தது. அவர் பிரிவினைக் கோரிக்கையை நிறுத்திவைத்து, போர் முயற்சிக்குத் தம் கட்சியின் ஆதரவை அறிவித்தார். அவரை எந்தச் சட்டமும் கட்டாயப்படுத்தவில்லை. அப்படி ஒரு சட்டமே அப்போது இல்லை.

தீர்மானத்தின் மொழிக்கு இது நல்ல எடுத்துக்காட்டு. தீர்மானம் எவரையும் கைதுசெய்வதில்லை. எவருடைய பிணையையும் மறுப்பதில்லை.

2. ஒரு சொல்லைப் பிடித்து நின்றவர்

இரண்டு மாதங்கள் கழித்து, 1963 ஜனவரி 21-இல், அரசமைப்புச் சட்டப் பதினாறாம் திருத்த மசோதா வந்தது. நம் நாட்டார் அதைப் பிரிவினைத் தடைச் சட்டம் என்றே அழைத்தார்கள். சர் சி.பி. இராமசாமி ஐயர் தலைமையிலான தேசிய ஒருமைப்பாட்டுக் குழுவின் பரிந்துரையிலிருந்து பிறந்தது அது. மசோதா சிறியதுதான். பேச்சுரிமை, கூடும் உரிமை, சங்கம் அமைக்கும் உரிமை ஆகியவற்றைச் சொல்லும் 19-ஆம் பிரிவில், இந்தியாவின் இறையாண்மை, ஒருமைப்பாடு ஆகியவற்றின் நலன் கருதிக் கட்டுப்பாடு விதிக்கலாம் என்ற சொற்றொடரைச் சேர்த்தது. வேட்பாளர்களும் உறுப்பினர்களும் எடுக்கும் உறுதிமொழியிலும் அதே சொற்களைச் சேர்த்தது.

அவையின் மனநிலையை எண்ணிப் பாருங்கள். சீனப் போர்த் தோல்வியின் காயம் ஆறவில்லை. மசோதாவைக் கொண்டுவந்தவர்கள் கெட்ட நோக்கத்தோடு வந்தார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். பிரிவினையில் ஒரு நாடு இரத்தம் சிந்தியதைக் கண்டவர்கள் அவர்கள், அவர்களுடைய அச்சம் உண்மையானது. ஆனால் அந்தச் சூழலில் மசோதாவை எதிர்த்து எழுபவர் முதலில் தம் நாட்டுப்பற்றுக்குச் சாட்சி சொல்லிவிட்டுத்தான் வாயைத் திறக்க முடியும்.

ஜனவரி 25-இல் மாநிலங்களவையில் அண்ணா எழுந்தார். போர்க்காலத்தில் தம் இயக்கம் நடந்துகொண்ட விதத்தை அவையின் முன் வைத்தார். ஒத்துழைப்பைத் தாமாகவே கொடுத்தவர்கள்மீது தடைச் சட்டம் எதற்கு என்று கேட்டார். பிறகு மசோதாவில் இருந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டார். இறையாண்மை என்கிறீர்களே, அது யாரிடம் இருக்கிறது? அரசமைப்பின் முகப்புரைப்படி அரசியல் இறையாண்மை மக்களிடம் இருக்கிறது. சட்ட இறையாண்மை ஒன்றியத்துக்கும் மாநிலங்களுக்கும் இடையே பகிர்ந்து வைக்கப்பட்டிருக்கிறது. அப்படியிருக்க, மாநிலங்களுக்கு இன்னும் வலு வேண்டும் என்று கேட்பது எப்படி இறையாண்மைக்கு எதிராகும்? அவர் கேட்டதன் சாரம் இது.

அவருடைய அரசியலை நீங்கள் ஏற்கலாம், மறுக்கலாம். ஒரு மசோதாவை எப்படி விவாதிப்பது என்பதற்கு அந்த உரை பாடம். நாட்டுப்பற்று எல்லாருக்கும் பொது என்று முதலில் நிலைநாட்டினார். அடுத்து, நேரே வாசகத்துக்குள் போனார்.

மசோதா நிறைவேறியது, 1963 அக்டோபர் 5-இல் சட்டமானது. நவம்பரில் தி.மு.க. பிரிவினைக் கோரிக்கையை முறைப்படி கைவிட்டது. அந்தத் திருத்தத்தின் பயனை இன்றும் கண்ணெதிரே பார்க்கலாம். தேர்தல் வரும்போது வேட்புமனுத் தாக்கல் நடக்கும் அலுவலகத்தில் போய் நின்று பாருங்கள். மாலையும் கரைவேட்டியுமாகக் கூட்டத்தோடு வருகிறவர் அறைக்குள் நாலு பேரோடு நுழைவார். தேர்தல் நடத்தும் அலுவலர் ஒரு தாளை நீட்டுவார். வேட்பாளர் எழுந்து நின்று அதைப் படிப்பார். இந்தியாவின் இறையாண்மையையும் ஒருமைப்பாட்டையும் நிலைநிறுத்துவேன் என்ற இடத்தில் சிலருக்கு நாக்கு இடறும். ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். அந்தச் சொற்கள் எந்த விவாதத்தில், எந்த ஊர்க்காரரை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை என்பது படிப்பவருக்கும் தெரியாது, கேட்பவருக்கும் தெரியாது. அவை நம்மை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை.

கதை அங்கே முடியவில்லை. அந்தத் திருத்தம் திறந்த வாசல் வழியாகத்தான் 1967-இல் சட்டவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்டம் வந்தது. இன்று உபா என்று இரண்டெழுத்தில் சொல்கிறோமே, அதுதான். அந்தச் சட்டம் வந்த டிசம்பரில் சென்னை மாநில முதலமைச்சராக அண்ணா இருந்தார். பிரிவினைக் கோரிக்கை போய்விட்டது. அதற்காக எழுதிய வாசகம் தங்கிவிட்டது.

3. பேச்சில் பெயர் உண்டு, பிரிவில் பெயர் இல்லை

பாதுகாப்பு விவாதம் ஒவ்வொன்றிலும் ஒரு பகைவன் இருக்கிறான். 1919-இல் வங்காளப் புரட்சியாளர்கள், 1962-இல் சீனா, 2001-க்குப் பின் எல்லை தாண்டிவரும் பயங்கரவாதி. உறுப்பினர்கள் அவன் பெயரைச் சொல்லித்தான் பேசுகிறார்கள். மசோதாவை எடுத்துப் படித்தால் அந்தப் பெயர் எங்கும் இருக்காது. எவரொருவர் என்ற சொல்தான் இருக்கும். பொதுச்சட்டம் என்றால் அப்படித்தான் எழுத முடியும். ஆகவே மசோதாவைப் படிக்கும் உறுப்பினர், அந்த எவரொருவர் யார் யாராக ஆகக்கூடும் என்று கேட்டாக வேண்டும்.

இதை நம்மவர் ஒருவர் நூறாண்டுக்கு முன்பே கேட்டார். 1919 பிப்ரவரி 7-இல் ரௌலட் மசோதாவின்மீது இம்பீரியல் சட்டமன்றத்தில் வலங்கைமான் சீனிவாச சாஸ்திரியார் பேசினார். அவர் தீவிரவாதி அல்லர், மிதவாதியிலும் மிதவாதி. ஆங்கில அரசின்மீது நம்பிக்கை வைத்தவர். அவர் எழுந்து, தீயவரை எண்ணி இயற்றும் கொடுஞ்சட்டம் எப்போதும் தீயவர்மீதே பாய்வதில்லை, பீதி பிடித்த காலத்தில் அரசுகள் நிதானம் இழப்பதை நான் பார்த்திருக்கிறேன், நாட்டின் மிக உயர்ந்த மனிதர்களும் ஒற்றர்களுக்கு அஞ்சி வாழ நேரும் என்ற பொருள்பட எச்சரித்தார். பார்வையாளராக வந்திருந்த காந்தியடிகள், வைசிராய் அந்த உரையில் கட்டுண்டு கிடந்ததாகத் தம் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். தூங்குகிறவனை எழுப்பலாம், தூங்குவதுபோல் நடிப்பவனை எழுப்ப முடியாது என்று நம்மூரில் சொல்வார்களே, அதே கருத்தை அங்கே எழுதுகிறார். இந்திய உறுப்பினர்களின் எதிர்ப்பையும் மீறி மார்ச்சில் சட்டம் நிறைவேறியது. ஏப்ரலில் ஜாலியன்வாலா பாக்.

சுதந்திர இந்தியாவுக்கு வருவோம். 2001 டிசம்பர் 13-இல் நாடாளுமன்றத்தையே பயங்கரவாதிகள் தாக்கினார்கள். அந்தச் சூட்டில் பொடா என்ற பயங்கரவாதத் தடுப்பு மசோதா வந்தது. 2002 மார்ச் 21-இல் மாநிலங்களவை அதை 98-க்கு 113 என்று நிராகரித்தது. மார்ச் 26-இல் இரு அவைகளின் கூட்டுக்கூட்டம் நடந்தது. குடியரசு வரலாற்றில் மூன்றாவது கூட்டுக்கூட்டம் அது. 425 பேர் ஆதரிக்க, 296 பேர் எதிர்க்க, மசோதா நிறைவேறியது.

ஆளும் கூட்டணியில் இருந்த ம.தி.மு.க.வின் தலைவர் வைகோ, சிவகாசி உறுப்பினர், மசோதாவை ஆதரித்தார். ஜூன் 29-இல் மதுரையை அடுத்த திருமங்கலத்தில் ஒரு கூட்டத்தில் பேசினார். அந்தப் பேச்சுக்காக ஜூலை 11-இல் அதே பொடாவில் கைதானார். சட்டம் வந்து நான்கு மாதங்கள்கூட ஆகவில்லை. ஏறத்தாழ 19 மாதங்கள் வேலூர்ச் சிறையில் இருந்தார். ஆகஸ்டில் தமிழ்த் தேசியத் தலைவர் பழ. நெடுமாறன் கைதானார். இந்தக் காரைக்குடியில் பிறந்த, இராம. சுப்பையாவின் மகன் பேராசிரியர் சுப. வீரபாண்டியனும் பொடாவில் சிறை சென்றார். 2003 டிசம்பர் 16-இல் உச்ச நீதிமன்றம், பயங்கரவாதத்துக்குத் துணைபோகும் நோக்கமின்றி வாயளவில் ஆதரவு சொல்வது மட்டும் குற்றமாகாது என்று விளக்கம் தந்தது. அந்த விளக்கத்தை மசோதாவிலேயே எழுதியிருக்க முடியும். எழுதச் சொல்லி வற்புறுத்த வேண்டிய நாளில் அவை முழக்கத்தில் இருந்தது.

இவர்களின் அரசியலோடு நான் உடன்படுகிறேனா என்பது இங்கே கேள்வியில்லை. மார்ச் மாதத்தில் பேசப்பட்ட பகைவன் வேறு. ஜூலையில் சிறைக்குப் போனவர் வேறு.

4. ஓராண்டுக்கு என்று வந்த சட்டம்

குடியரசு பிறந்து ஒரு மாதம் ஆகாத நிலையில், 1950 பிப்ரவரி 25-இல், தடுப்புக் காவல் மசோதாவைச் சர்தார் பட்டேல் கொண்டுவந்தார். அன்றே அது நிறைவேறியது. இரும்பு மனிதர் என்று நாம் போற்றும் அவர், இந்த முடிவுக்கு வருமுன் உறக்கமில்லா இரவுகளைக் கழித்ததாக அவையில் சொன்னார். பாதுகாப்பு விவாதங்களில் நான் மிகவும் மதிக்கும் வார்த்தைகளில் அதுவும் ஒன்று. விசாரணையின்றி மனிதரை அடைக்கும் அதிகாரத்தைக் கேட்க வருகிறவருக்கு இருக்க வேண்டிய மனக்கலக்கம் அது.

ஆனால் அந்தச் சட்டத்துக்கு என்ன ஆயிற்று? 1951 ஏப்ரல் 1-இல் காலாவதியாக வேண்டியது. பட்டேலுக்குப் பின் உள்துறை அமைச்சரான இராஜாஜி அதைத் திருத்தி நீட்டித்தார். மீண்டும் மீண்டும் நீட்டிக்கப்பட்டு 1969 டிசம்பர் 31 வரை அது உயிரோடு இருந்தது. ஓராண்டுச் சட்டம் ஏறத்தாழ இருபது ஆண்டு வாழ்ந்தது. இரண்டாண்டு இடைவெளிகூட விடாமல் 1971-இல் மிசா என்ற உள்நாட்டுப் பாதுகாப்புப் பராமரிப்புச் சட்டம் வந்தது. 1976 ஜனவரி 31-இல் தி.மு.க. அரசு கலைக்கப்பட்டபோது, தமிழகத்தில் ஆட்சியில் இருந்தவர்களையே மிசா அள்ளிக்கொண்டு போனது. பிறகு 1985-இல் தடா என்ற பயங்கரவாத, சீர்குலைவு நடவடிக்கைகள் தடுப்புச் சட்டம். இரண்டாண்டுக்கு என்று வந்து 1995 வரை நீடித்தது. பிறகு பொடா. 2004-இல் பொடாவை நீக்கியபோது அதன் பல பிரிவுகள் உபாவுக்குள் போய்ச் சேர்ந்தன. உபாவுக்கு முடிவு நாள் கிடையாது.

செட்டிநாட்டில் கணக்குப் படித்தவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. கடன் பத்திரத்தில் தவணை எழுதாமல் யாரும் கையெழுத்துப் போடுவதில்லை. பேரேட்டை அப்போதைக்கப்போது முடித்து ஐந்தொகை எடுக்காத கடை நிலைப்பதில்லை. நெருக்கடி என்று சொல்லி மக்களின் உரிமையை அரசு கைமாற்றாக வாங்கும்போது, எப்போது திருப்பித் தருவாய் என்று கேட்பது பற்றில்லாமை ஆகுமா? கேட்காமல் விட்டால்தான் பொறுப்பில்லாமை.

5. இருக்கை மாறினால்

இந்தத் தொகுதியோடு தொடர்புடைய ஒரு வரலாற்றை இங்கே சொல்லாமல் போவது முறையாகாது. 2008 நவம்பர் 26-இல் மும்பை தாக்கப்பட்டது. சில நாட்களில், கண்டனூரைச் சேர்ந்தவரும் சிவகங்கைத் தொகுதியின் உறுப்பினருமான ப. சிதம்பரம் உள்துறைப் பொறுப்பை ஏற்றார். டிசம்பர் 16-இல் தேசியப் புலனாய்வு முகமை மசோதாவும் உபா திருத்த மசோதாவும் மக்களவைக்கு வந்தன. 17-இல் மக்களவை நிறைவேற்றியது. 18-இல் மாநிலங்களவை நிறைவேற்றியது. மூன்று நாள். மும்பையில் அத்தனை உயிர்கள் போயிருக்க, நாடு நடுங்கிக்கொண்டிருக்க, விரைவு தேவைப்பட்டது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த மூன்று நாளில் சட்டத்துக்குள் புகுந்தவற்றைப் பாருங்கள். குற்றப்பத்திரிகை இல்லாமல் 180 நாள் வரை ஒருவரைக் காவலில் வைக்கலாம். குற்றச்சாட்டு மேலோட்டமாக உண்மை என்று தோன்றினாலே பிணை கிடையாது.

பதினோரு ஆண்டுகள் கழித்து, 2019 ஆகஸ்ட் 2-இல், அதே சட்டத்துக்கு இன்னொரு திருத்தம் மாநிலங்களவையில் விவாதத்துக்கு வந்தது. அமைப்புகளை மட்டுமல்லாமல் தனி மனிதரையும் பயங்கரவாதி என்று அரசே அறிவித்துப் பட்டியலில் சேர்க்கலாம் என்றது அது. சிதம்பரம் அப்போது எதிர்வரிசையில் இருந்தார். வழக்குப் பதியும் முன்பே, விசாரணை நடக்கும் முன்பே ஒரு தனி மனிதரை எந்த அடிப்படையில் அப்படி அறிவிப்பீர்கள் என்று கேட்டார். சரியான கேள்வி, பிரிவைப் படித்தவர் கேட்கும் கேள்வி. மசோதாவைத் தேர்வுக் குழுவுக்கு அனுப்பும் யோசனை 85-க்கு 104 என்று தோற்றது. மசோதா 147-க்கு 42 என்று நிறைவேறியது.

இதைத் தனி மனிதரின் குறையாக நான் சொல்லவில்லை. நம் கட்சிகள் அனைத்துக்கும் இந்த இரண்டு இருக்கைகளும் பழக்கமானவை. ஆளுங்கட்சி வரிசையில் தீர்மானத்தின் மொழி எளிதாக வருகிறது; எதிர்வரிசைக்குப் போனபின் பிரிவுகள் கண்ணில் படுகின்றன. எதிர்வரிசையில் இருந்தால் இந்த வாசகத்தை ஏற்பேனா என்று அமைச்சர் தம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டும். நாளை அமைச்சரானால் இதே எதிர்ப்பைச் சொல்வேனா என்று எதிர்க்கட்சி உறுப்பினர் கேட்டுக்கொள்ள வேண்டும்.

2008-இல் புகுந்த அந்தப் பிணைப் பிரிவு பிறகு யாரைத் தொட்டது? திருச்சி மாவட்டம் விரகாலூரில் பிறந்து ஜார்க்கண்ட் பழங்குடி மக்களோடு வாழ்ந்த பாதிரியார் ஸ்டேன் சுவாமி, 2020 அக்டோபர் 8-இல் உபாவில் கைதானார். வயது 83. நடுக்கவாத நோய். கையில் குவளை நிற்காது. தண்ணீர் குடிக்க உறிஞ்சுகுழல் வேண்டும் என்று நீதிமன்றத்தில் மனுப் போட்டார். பதில் சொல்ல அரசுத் தரப்பு 20 நாள் அவகாசம் கேட்டது. பிணை மறுக்கப்பட்டது. 2021 ஜூலை 5-இல் விசாரணைக் கைதியாகவே இறந்தார். அவர் குற்றவாளியா, நிரபராதியா என்பதை எந்த நீதிமன்றமும் தீர்மானிக்கவில்லை. இனித் தீர்மானிக்கவும் போவதில்லை. மூன்று நாள் விவாதத்தில் ஒரு உட்பிரிவின்மீது செலவிடாத நேரம், பன்னிரண்டு ஆண்டு கழித்து ஒரு முதியவரின் நடுங்கும் கையில் வந்து நிற்கிறது.

6. இடித்துரைப்பதும் நாட்டுப்பற்றே

இடித்துச் சொல்லும் பெரியவர்களைத் துணையாகக் கொள்வதற்கு வள்ளுவர் தனி அதிகாரமே ஒதுக்கினார். அவரிடம் அது அரசனைக் காக்கும் வழி.

நம் காலத்தில் அப்படி ஒருவரைக் காட்டச் சொன்னால் தி.மு.க.வின் மக்களவை உறுப்பினராக இருந்த இரா. செழியனைக் காட்டுவேன். 1975 ஜூலையில் நெருக்கடி நிலைக்கு ஒப்புதல் கேட்டு நாடாளுமன்றம் கூட்டப்பட்டது. எதிர்க்கட்சித் தலைவர்கள் பலர் சிறையில் இருந்தார்கள். கேள்வி நேரம் இல்லை. பத்திரிகைகளுக்குத் தணிக்கை. தேசத்தின் பாதுகாப்புக்கு ஆபத்து என்பதே அரசின் வாதம். மக்களவையில் 336 பேர் ஆதரவு. எதிர்த்தவர்கள் 59 பேர். செழியன் எதிர்த்தார். நெருக்கடி நிலைக்குப் பின் ஷா ஆணையம் விசாரித்து அறிக்கை தந்தது. ஆட்சி மாறியபின் அந்த அறிக்கையின் பிரதிகள் கண்ணில் படாமல் போயின. செழியன் தம்மிடம் இருந்த பிரதியைக் காத்து, 2010-இல், எண்பது வயதைக் கடந்த பிறகு, நூலாக அச்சிட்டு வெளியே கொண்டுவந்தார். ஆவணத்தைக் காத்ததும் அதை நாட்டுக்குத் திருப்பிக் கொடுத்ததும் அவருடைய தேசத்தொண்டு.

இதுவரை சொன்னவற்றிலிருந்து மூன்று வேண்டுகோள்கள் எழுகின்றன. பாதுகாப்பு மசோதா எதுவானாலும் தேர்வுக் குழுவின் பார்வைக்குப் போகாமல் வாக்கெடுப்புக்கு வரக் கூடாது. அவசரம் என்றால் குழுவுக்குக் குறுகிய கெடு விதிக்கலாம். அசாதாரண அதிகாரம் தரும் ஒவ்வொரு சட்டத்துக்கும் முடிவு நாள் வேண்டும். நீட்டிக்க விரும்பும் அரசு, எத்தனை பேரைக் கைதுசெய்தோம், எத்தனை பேருக்குத் தண்டனை கிடைத்தது என்ற கணக்கோடு அவைக்கு வர வேண்டும். மூன்றாவது, எந்த உறுப்பினரும் இன்னொரு உறுப்பினரின் நாட்டுப்பற்றைக் கேள்விக்குள்ளாக்குவதை அவைத் தலைவர் உடனே தடுக்க வேண்டும். பொய் என்ற சொல்லையே அவைக்குறிப்பிலிருந்து நீக்குகிறோம். துரோகி என்ற சொல்லையும் விட்டுவைக்கக் கூடாது.

அன்பர்களே, எல்லையில் நிற்கும் சிப்பாயும் சிறையில் இருக்கும் விசாரணைக் கைதியும் இந்த நாட்டின் மக்கள்தான். சிப்பாய்க்கு நாம் காட்ட வேண்டிய நன்றி பெரிது. அந்த நன்றியைச் சொல்ல நாள் இருக்கிறது, தீர்மானம் இருக்கிறது, மேடை இருக்கிறது. சட்டத்தைப் படிக்கும் நாளில் அவனுடைய தியாகத்தைக் காட்டி நம் வாயை நாமே அடைத்துக்கொள்வது அவனுக்குச் செய்யும் மரியாதை ஆகாது. அவன் காப்பது அரசமைப்பின் கீழ் வாழும் நாட்டை.

மாணவச் செல்வங்களுக்கு ஒரு வேண்டுகோளோடு நிறைவு செய்கிறேன். நாடாளுமன்ற விவாதங்களின் தொகுதிகள் எல்லாருக்கும் கிடைக்கின்றன. நூலகத்தில் தேடுங்கள், கைப்பேசியிலும் படிக்கலாம். 1963 ஜனவரி 25-ஆம் நாள் நடவடிக்கையை எடுங்கள். இடையிடையே அடைப்புக்குறிக்குள் குறுக்கீடு என்று வரும். அவற்றைத் தாண்டி முழுவதும் படியுங்கள். அடுத்த முறை பாதுகாப்பு மசோதா ஒன்று வரும்போது தொலைக்காட்சி முழக்கத்தைக் கேட்குமுன் அந்த மசோதாவின் பிரிவுகளை ஒரு தடவை படியுங்கள். படித்தபின் உங்கள் தொகுதி உறுப்பினருக்கு, எந்தக் கட்சியாக இருந்தாலும், ஒரு கடிதம் எழுதி, எவரொருவர் என்று இதில் எழுதியிருக்கிறதே, அது யார் என்று கேளுங்கள்.